அவசரத்துக்கு ஒரு டிகிரி, நிதானத்துக்கு ஒரு டிகிரி

கேள்வி: குளிர்பான பாட்டிலில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினால் சுருங்கிக் கோணிக்கொள்கிறது. ஆனால் உருகி ஓடுவதில்லை. இது என்ன அரைகுறை நிலை?

பதில்: அரைகுறை என்று திட்டாதீர்கள். பிளாஸ்டிக் தொழிலே அந்த அரைகுறையில்தான் பிழைக்கிறது. அந்த பாட்டில் ‘பெட்’ என்ற பாலியெஸ்டரால் ஆனது. அது உருகுவதற்கு 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 75 டிகிரியை நெருங்கும்போதே அதன் விறைப்பு போய்விடுகிறது. பாலிமர் என்பது நீண்ட சங்கிலிகளின் கூட்டம். பிழிந்து வைத்த இடியாப்பம்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். குளிர்ந்திருக்கும்வரை சங்கிலியின் எந்தத் துண்டும் இடம்விட்டுப் புரள முடியாது. சூடு ஏறினால் புரளத் தொடங்குகின்றன. இந்தத் திருப்பத்துக்குக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை என்று பெயர். பாட்டில் செய்யும்போது அந்தச் சங்கிலிகளைச் சூட்டில் இழுத்து, ஊதி விரித்து, அப்படியே குளிரவைத்துச் சிறைப்பிடித்திருக்கிறார்கள். உங்கள் வெந்நீர் அவற்றுக்கு விடுதலைப் பத்திரம் கொடுக்கிறது. அவை பழைய சுருளுக்குத் திரும்பப் பார்க்கின்றன, பாட்டில் சுருங்குகிறது.

கேள்வி: அப்படியானால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதுபோல ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஓர் எண். மனப்பாடம் செய்துகொண்டால் போதும்தானே?

பதில்: தேர்வுக்குப் போதும். பொருளைச் செய்பவருக்குப் போதாது. பனிக்கட்டி உருகும்போது ஓர் ஒழுங்கு குலைகிறது. அதற்கென்று மறைவெப்பம் செலவாகிறது. எல்லை துல்லியமாக இருக்கிறது. கண்ணாடி மாற்றத்தில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இந்தப் பக்கம் இருந்த அதே தாறுமாறுதான் அந்தப் பக்கமும். மாறுவது வேகம் மட்டுமே. சங்கிலித் துண்டு ஒன்று புரண்டு படுக்க எடுத்துக்கொள்ளும் நேரம், நாம் காத்திருக்கத் தயாராக உள்ள நேரத்தைத் தாண்டும் இடத்தைத்தான் டிகிரியில் எழுதிவைக்கிறோம். சான்று எளிது: அதே பாலிமரைப் பத்து மடங்கு மெதுவாகக் குளிரவைத்தால் அந்த எண் சுமார் 3 டிகிரி கீழே இறங்கிவிடும். வெப்பநிலையையும் நேரத்தையும் இப்படி ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் கணக்கை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி என்ற மூவர் 1955-ல் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். ஆகவே கையேட்டில் உள்ள எண்ணில் பாதி பொருளுடையது, பாதி அளந்தவரின் பொறுமையுடையது.

கேள்வி: பாலிப்ரொப்பிலீனுக்கு அந்த எண் சுழியத்தை ஒட்டியே இருக்கிறதாம். ஆனால் சுடச்சுடச் சாம்பார் ஊற்றினாலும் அந்த டப்பா குழைவதில்லையே. உங்கள் தத்துவம் இங்கே படுத்துவிட்டதா?

பதில்: படுக்கவில்லை. பாலிப்ரொப்பிலீனில் பெரும்பகுதி படிகமாக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதி 160 டிகிரிக்கு மேல்தான் உருகும். டப்பாவைத் தாங்கி நிற்பது அதுதான். இடையில் உள்ள ஒழுங்கற்ற பகுதி மட்டுமே நாம் பேசும் மாற்றத்துக்கு உட்பட்டது. நம்பிக்கை வரவில்லையென்றால் அதே டப்பாவை ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கீழே போட்டுப் பாருங்கள். டப்பாவின் விலைக்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: எல்லாம் ஆய்வக நுணுக்கம். எண் கொஞ்சம் முன்பின் நகர்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: இந்த இடத்தில் சிரிக்க முடியாது. 1986 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 வினாடிகளில் சிதறியது. 7 பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் சூடான வாயுவைத் தடுத்து நிற்க வேண்டிய ரப்பர் வளையம் தடுக்கவில்லை. அன்று காலை புறப்படும்போது காற்றின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி, பனிக்கட்டி மிதக்கும் நீரில் வைத்து எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு மீளவில்லை. உங்களைப்போன்ற ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: அந்த ஃபுளோரோ ரப்பரின் கண்ணாடி மாற்றம் சுழியத்துக்குச் சுமார் 20 டிகிரி கீழே அல்லவா? அப்படியானால் அன்று அது சட்டப்படி ரப்பர்தானே? சட்டப்படி ரப்பர்தான். ஆனால் பற்றவைத்ததும் அழுத்தத்தில் இணைப்பு விரிய, அந்த இடைவெளியை ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் வளையம் நிரப்ப வேண்டியிருந்தது. சில வினாடி அவகாசம் கிடைத்தால் ரப்பராகவும், ஒரு வினாடிகூடக் கிடைக்காதபோது மரக்கட்டையாகவும் இருக்கும் பொருளுக்குக் கையேட்டு எண் எந்தச் சான்றிதழும் தராது. விசாரணைக் குழுவின் அறிக்கையே சொல்கிறது: சுமார் 24 டிகிரியில் அந்த வளையம் மீளும் துடிப்பு, சுழியத்துக்கு ஒரு டிகிரி கீழே இருப்பதைவிட ஐந்து மடங்கு. எல்லைக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறோம் என்ற நிம்மதிதான் இந்தத் துறையில் மிக ஆபத்தானது.

கேள்வி: காலம்தான் எல்லாம் என்றால், ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல் கண்ணாடிகள் நூற்றாண்டுகளாக மெல்ல ஒழுகி, அடிப்பக்கம் தடித்துவிட்டன என்பது உண்மைதானே?

பதில்: என் வாதத்தை வைத்தே என்னை மடக்குகிறீர்கள், பாராட்டுகள். ஆனால் காலத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு. மாற்றத்தின் அருகில் மூன்று டிகிரி இறங்கினால் பாலிமருக்குக் காத்திருப்பு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. ஜன்னல் கண்ணாடி பாலிமர் அல்ல. அதன் கணக்கு வேறு. ஆனால் அதன் மாற்றம் சுமார் 550 டிகிரியில். அங்கிருந்து அறை வெப்பநிலைவரை இறங்கிவந்தால் காத்திருப்பு எவ்வளவு பெருகும் என்று 1998-ல் கண்ணாடி ஆய்வாளர் எட்கர் ஸனோட்டோ கணக்கிட்டபோது, பிரபஞ்சத்தின் வயதே போதவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் ஊதிச் சுழற்றி விரித்தவை. செய்யும்போதே ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வந்தன. மேல்பக்கம் தடித்த தகடுகளும் உண்டு. அவை மேல்நோக்கி ஒழுகின என்று இதுவரை எந்த வாசகரும் எழுதவில்லை.