பாண்டி நாட்டுத் திண்ணையில் சோழன் படை

ஏலே, அந்தப் பொட்டியைக் கொஞ்சம் இங்கன திருப்பு. நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வெட்டுக்குத்துச் சத்தம். வாழைத்தோப்புல பன்னி எறங்கிட்டுன்னு ஒங்க ஆச்சி எந்திச்சு உக்காந்துட்டா. வந்து பாத்தா நீ கடாரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கே. பிடி, நல்லாப் பிடி. லீவுக்கு வந்த பிள்ளை எதையாவது பிடிக்கட்டும். தொழுவத்துல அவுந்து ஓடுன கன்னுக்குட்டியைப் பிடிக்கச் சொன்னேன், அது மட்டும் இன்னும் பிடிபடல.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ரெண்டாம் பாகம்னு சொன்னே. 1999ல வந்த கம்ப்யூட்டர் ஆட்டம். ஒனக்கு மூத்தது, ஒன்னைவிட நல்லா வேலையும் செய்யுது. 2022 ஏப்ரல்ல 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா'ன்னு ஒரு ஒட்டுப் போட்டு, 'திராவிடர்'னு நம்மாட்களையும் சேத்து, ராசேந்திர சோழன் பேருல தனிப் படையெடுப்பே வச்சுருக்கானாம். எல்லாம் சரி. தாமிரவருணித் தண்ணியைக் குடிச்சுட்டு, பாண்டி நாட்டுத் திண்ணையில உக்காந்து, சோழனுக்கு ஆள் சேக்கியே, இந்த வஞ்சகத்தை எந்தக் காலேசுல படிச்சே?

மூஞ்சியத் தூக்காதே. கொறை சொல்லணும்னே நான் வரல. ஒரு மணி நேரம் ஒன் தோளுக்குப் பின்னால நின்னு பாத்தேன். ஆரம்பத்துல மூணு குடியானவன், ஒரு குதிரைக்காரன், நடுவுல ஒரு ஊர்மன்றம். கையிருப்பு 200 உணவு, 200 மரம். படை எடுக்குததுக்கு முன்னால பத்தாயம் நெறையணும்னு அந்த ஆட்டத்துக்குத் தெரிஞ்சுருக்கு, அதை நான் மெச்சுதேன். ஒரு ஆளுக்கு 50 உணவு. அஞ்சு பேருக்கு ஒரு வீடு. வீடு இல்லேன்னா ஆள் வரமாட்டான். இங்கன பொண்ணு பாக்கப் போனாலும் அதே கணக்குதான். சும்மா நிக்கித ஆள் எத்தனைன்னு ஓரத்துல ஒரு எண்ணு காட்டுதே, அதை மட்டும் கழட்டி நம்ம வீட்டு முத்தத்துல மாட்ட முடியுமாலே? பகல் பூரா 'ஒண்ணு'ன்னே காட்டும்.

குதிரை விசயத்துலயும் ஆட்டத்தைச் செஞ்சவன் கூமுட்டை இல்ல. மத்தவன் பல பேருக்கு கவசம் போட்ட பெரிய குதிரைவீரன் உண்டு, திராவிடருக்குக் கெடையாதுன்னு நீ பொலம்புதே. நம்ம ஆறு கடல்ல சேருத பக்கம் காயல்னு ஒரு பெருந்துறை இருந்துச்சு. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ, ஓர்முசுலேருந்தும் ஏடன்லேருந்தும் அங்க கப்பல் கப்பலா குதிரை வந்ததை எழுதிவச்சுருக்கான். பாண்டியன் பொன்னைக் கொட்டி வாங்குவானாம். பேணத் தெரியாம, லாடம் அடிக்க ஆள் இல்லாம, பெரும்பாலும் செத்துப்போகும். அடுத்த வருசம் மறுபடி வாங்குவான். நம்ம பலவீனத்தை ஆட்டத்தைச் செஞ்சவன் சரியாத்தான் எடை போட்டுருக்கான்.

உருக்கையும் விடல. 'வூட்ஸ் ஸ்டீல்' பண்ணிட்டா நம்மாள் வாளுக்கு எதிராளி கவசம் எதுவும் நிக்காதாமே! இதை வச்சவன், எல்லாரையும் இருண்ட காலத்துலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுதான். 500 உணவு கட்டி அடுத்த காலத்துக்குப் போனாத்தான் கொல்லன்பட்டறையே போட முடியும். சிவகளையில தோண்டுன இரும்போட வயசு கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு 2025 சனவரியில தமிழ்நாடு அரசு அறிக்கை விட்டுச்சு. அந்த 500 உணவை நம்ம முப்பாட்டன் எப்பவோ கட்டிட்டான்னு கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடு.

சுருள்வாள்காரனைப் பாத்தேன். சொழட்டுதான், சுத்தி நிக்கித எதிராளி பூரா சாயுதான், ஒட்டி நிக்கித நம்மாளுக்கு ஒரு கீறல் இல்ல. சிலம்பக்காரன் பாத்தா சிரிப்பான். கப்பலுக்குத் 'திரிசடை'ன்னு பேரு. அசோகவனத்துல சீதைக்கு ஆறுதல் சொன்ன புண்ணியவதியை எதுக்குலே கடல்ல மெதக்க விட்டுருக்கான்னு நான் முழிச்சது ஒனக்குத் தெரியாது.

யானைக்கு வருவோம். ஒருவாட்டி உணவும் பொன்னும் குடுத்து வாங்கிட்டா, அதுக்குப் பொறவு ஒரு கவளம் கெடையாது. பாகன் கெடையாது. 'மருத்துவப் படை'ன்னு ஒண்ணை வாங்கி வச்சா அடிபட்ட காயமும் தானா ஆறிரும். நெல்லையப்பர் கோயில் காந்திமதியை ஒனக்கு நெனவு இருக்கா? சின்னப்பிள்ளையில அது தும்பிக்கையைத் தலையில வச்சதும் டவுசரை நனைச்சியே? 2025 சனவரியில முடியாம விழுந்து, வைத்தியம் பாத்தும் எந்திக்காமலே போயிட்டு. ஊரே அழுதுச்சு. யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரின்னு செலவுக்குச் சொல்லுதோம்லா, ஒன் ராச்சியத்துல அந்தச் சொலவடைக்கே வேலை இல்ல. 200 பேர் வரைக்கும் படை வச்சுக்கிடலாம், ஒருத்தனுக்கும் கூலி வேண்டாம், கஞ்சி வேண்டாம். அப்படி ஒரு படை கெடைச்சா நானே இந்நேரம் டெல்லியில இருப்பேன்.

எனக்கு வயிறு எரிஞ்சது வயலைப் பாத்துத்தான். வெள்ளாமைக்கு 60 மரமாம்! வெதைநெல் இல்ல, நாத்தாங்கால் இல்ல, கார் பருவமா பிசானப் பருவமான்னு கேள்வி இல்ல. மரத்தைக் குடுத்தா வயல் வருது. 175 உணவு எடுத்ததும் தேஞ்சுபோகுது. இன்னொரு 60 மரம். தண்ணி இருக்கு, ஆனா அது கப்பல் ஓடவும் மீன் பிடிக்கவும்தான். ஆத்தங்கரையில போட்டாலும் பொட்டக்காட்டுல போட்டாலும் ஒரே வெளைச்சல். ஏலே, கோடைமேலழகியான்லேருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு எதுக்குக் கட்டுனானுக, கிறுக்குப் பிடிச்சா? கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. எங்கேருந்தோ வந்த கன்னடியர் ஒருத்தர் பசுவை முன்னால விட்டு, அது நடந்த வழியெல்லாம் கால்வாயும், படுத்த எடமெல்லாம் குளமும் வெட்டுனாராம். ஒன் ஆட்டத்துல பசு நின்னா வெட்டித் திங்கத்தான் ஆள் அனுப்புதே.

இன்னொண்ணு. எதிராளி ஆளும் கொட்டடியும் பூரா அழிஞ்சதும் 'வெற்றி'ன்னு வருது, நீ கையைத் தட்டிட்டு எந்திச்சுருதே. ராசேந்திரன் அப்படியா எந்திச்சான்? பாண்டி நாட்டைப் பிடிச்ச பொறவுதான் அவனுக்கு வேலையே. பெத்த மகனுக்குச் 'சோழ பாண்டியன்'னு பட்டம் கட்டி இங்க உக்காத்தி வச்சான். அந்த வழியில வந்தவுக கல்வெட்டு சேரன்மாதேவியில இருக்கு. இந்தா இருக்குத மன்னார்கோயில்ல, ராசசிம்மன்னு ஒரு சேர ராசா பெருமாளுக்குக் கோயில் கட்டி அதுக்கு ராசேந்திர சோழ விண்ணகரம்னு பேரு வச்சான். கீழ்ப்பட்ட ராசா மேல உள்ளவன் பேரைக் கல்லுல வெட்டுத வித்தைக்கு ஒன் பொட்டியில பொத்தான் இருக்கா? இம்புட்டும் செஞ்சும் நின்னுச்சா? 1216ல பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சாவூரைக் கொளுத்திட்டுத்தான் ஓய்ஞ்சான். எடையில 200 வருசம். அந்த 200 வருசமும் ஒன் ஆட்டத்துல காணோம்.

பிடிக்கச் சொல்லித் தர்றதுல ஆட்டத்தைச் செஞ்சவன் கெட்டிக்காரன், வச்சுக்கிடத்தான் தெரியல. நான் நூத்துக்கு அறுபது போடுதேன். ஒங்க ஆச்சி முப்பதுக்கு மேல போடமாட்டா, அவளுக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

சரி, ஒரு ஆட்டத்தை முடிச்சுட்டு எந்தி. இன்னைக்குப் பத்து மணிக்கு நம்ம வயலுக்கு முறைத்தண்ணி. மம்பட்டி தொழுவத்துல சாத்தி இருக்கு, டார்ச்லைட்டை நான் எடுத்துக்கிடுதேன்.