சிங்கம் எழுதினால் அக்கி போகும்

நான் வளர்ந்த காலத்து ராயகிரியில் தோல் வியாதியை ஒளித்துவைக்க வழியில்லை. கிணற்றடியிலும் பம்புசெட்டிலும் குளிக்கிற ஊரில், முதுகில் தேமல் விழுந்தால் நமக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆலோசனைக்குக் காசு கிடையாது, கேட்க வேண்டியதும் இல்லை. படர்தாமரைக்குச் சீமை அகத்தி, சேற்றுப்புண்ணுக்கு மருதாணி, பொடுகுக்குப் பொடுதலை, எதற்கும் அடங்காததற்குக் குற்றாலம். சாரல் பிடித்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் போய் நிற்போம். மலையிலிருந்து மூலிகை வந்ததோ இல்லையோ, பக்கத்தில் நின்றவர் தலை எண்ணெய் தவறாமல் வந்தது.

அக்கி வந்தால் மட்டும் ஸ்பெஷலிஸ்ட். பானை வனையும் வேளார் வீட்டுக்குப் போகவேண்டும். "சட்டையைக் கழத்துய்யா, வெளிச்சத்துக்கு வா" என்பார். கொப்புளம் உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்கிறதா என்று பார்ப்பார். டாக்டரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார். பிறகு செங்காவியைக் குழைத்து இறகால் உடம்பில் ஒரு சிங்கம் எழுதுவார். எப்போதோ வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து எழுந்து வருவதுதான் அக்கி. கொப்புளம் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக வற்றிவிடும். அதனால் சிங்கம் தோற்றதே இல்லை. ஆனால் டாக்டர் தரும் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த மூன்று நாள் காவியிலேயே கழிந்துவிடும். வயசாளிகளுக்குக் கொப்புளம் போனபின்னும் மாதக்கணக்கில் எரியும். அது சிங்கத்தின் கணக்கில் சேராது.

இப்போது என் அண்ணன் மகனுக்கு முடி கொட்டினால் ஊருக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். தூக்கம் எப்படி, கவலை உண்டா, அப்பாவுக்கு வழுக்கையா என்று வரிசையாகக் கேட்கிறது. யார் என்ன பதில் சொன்னாலும் கடைசியில் வீட்டுக்கு ஒரு டப்பா வருகிறது. உள்ளே மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கென்று வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே தலைக்குத் தடவும் மருந்தானது. தடவத் தொடங்கிய முதல் வாரங்களில் கூடுதலாகக் கொட்டுவதும் உண்டு. பயல் அலறியடித்துப் போனையே மறுபடி கேட்டான். அவனுக்கு வந்தது காய்ச்சலுக்குப் பின் கொட்டுகிற முடி. காய்ச்சல் விட்டு இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கொட்டும், அடுத்த ஆறேழு மாதத்தில் தானே முளைக்கும். முளைத்தது. சிங்கத்துக்குப் போன பேர் இப்போது டப்பாவுக்குப் போகிறது.

படர்தாமரைக் கதைதான் சிரிப்பு வராத கதை. பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பின் அட்டைப் படம் வாட்ஸ்அப்பில் வரும்: "எனக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு." கேட்கும். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அதன் மறைவில் பூஞ்சை தொடையெல்லாம் பரவும். 2018-ல் இப்படி 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு சொன்னது. சீட்டு கேட்கிற மெடிக்கல் கடையை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முறையான வழியும் இருக்கிறது. 2020 மார்ச்சில் தொலைமருத்துவ நெறிமுறை வந்தது. அடுத்த மாதமே அரசின் ஈ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தபடி டாக்டரை இலவசமாகப் பார்க்கலாம் என்றானது. வீடியோவில் முதல்தடவை பார்க்கிற நோயாளிக்கும் எழுதித் தரலாம் என்று அந்த நெறிமுறை சொல்லும் தோல் மருந்துகளில் கலமைன் இருக்கிறது, பென்சைல் பென்சோவேட்டும் இருக்கிறது. சிரங்குக்கு அரசு ஆஸ்பத்திரியில் நாம் கொண்டுபோன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்களே, அதே வெள்ளைத் தண்ணிதான்! "வீட்ல எல்லாரும் ஒண்ணாப் பூசணும்" என்று நர்ஸம்மா அதட்டுவார். இன்று போனில் காட்டியவர் மட்டும் பூசிக்கொள்கிறார்; அரிப்பு வீட்டைச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்புகிறது.

போன மாதம் அண்ணன் மகள் கன்னத்தில் மங்கு விழுந்ததை வீடியோவில் காட்டினாள். "முகம் நல்லாத்தானேம்மா இருக்கு, பியூட்டி மோட் போட்டிருக்கீங்களா?" என்றார் டாக்டர். ஆமாம் என்றாள்.

"அதை எடுத்துட்டுக் காட்டுங்க."

"ஐயோ டாக்டர், மூஞ்சி நல்லாருக்காதே."