இலை போட்டாச்சு, கவுன்சிலர் வரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை தின்ற கறிச்சோறு இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. கறியின்மேல் குற்றமில்லை. இலைக்கு முன்னால் ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான் செரிக்க மாட்டேன் என்கிறது. பங்காளி வீட்டுக் காதுகுத்து. எந்த ஊர் மண்டபம் என்று சொல்லமாட்டேன்; எழுதிய மொய் எனக்குத் திரும்பி வந்தாக வேண்டும். உடுமலையில் பஸ் ஏறினால் ஒரு தூக்கத்துக்குள் போய்விடலாம், அவ்வளவுதான்.

இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்தாயிற்று. சோற்று வாளி நாலாவது இலை வரைக்கும் வந்துவிட்டது. நான் ஐந்தாவது இலை. பங்காளி ஓடி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கண்ணா, கவுன்சிலர் வந்தரட்டுமுங்க.”

கவுன்சிலர் வந்து குழம்பைத் திறந்தா வைக்கப் போகிறார்? காது குத்தி முடித்து, குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியே விட்டது. இனி அவர் வந்து செய்ய என்ன இருக்கிறது? ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. கோயில் நடை திறக்கக் காத்திருப்பது போல அத்தனை பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று மூன்று விதிகளை அந்த இலைக்கு முன்னால்தான் யோசித்து வைத்தேன். அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் கவுன்சிலர் என்றால் யார் என்று தீர்த்துக்கொள்வோம்.

எங்கள் உடுமலையில் வார்டுகள் 33. அப்படியானால் கவுன்சிலரும் 33 பேர் என்று வெளியூர்க்காரர்தான் கணக்குப் போடுவார். தாசில்தார் ரிட்டயர் ஆனால் வெறும் ‘சார்’. வாத்தியார்கூட ‘பெரிய வாத்தியார்’ ஆகி ஒதுங்கிவிடுவார். கவுன்சிலர் மட்டும் கட்டை வேகிற வரைக்கும் கவுன்சிலர். 2011-இல் ஜெயித்தவர் கவுன்சிலர். 2006-இல் ஜெயித்தவர் பழைய கவுன்சிலர். 1996-இல் ஜெயித்தவர் பெரிய கவுன்சிலர். ஃபிளெக்ஸில் ‘முன்னாள்’ என்று ஒரு சொல் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

அத்தோடு முடிந்ததா? நின்று தோற்றவர் இருக்கிறார். “ஏதோ நேரம் சரியில்லீங்க” என்ற அனுதாபத்திலேயே அவருக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். சீட் கேட்டுக் கிடைக்காதவர் இருக்கிறார். கிடைத்திருந்தால் ஜெயித்திருப்பார், ஆகவே கவுன்சிலர். மனு போட்டு வாபஸ் வாங்கியவர் இருக்கிறார்; அவர் விட்டுக்கொடுத்த கவுன்சிலர். கவுன்சிலரின் மச்சினன் இருக்கிறார், பங்காளி இருக்கிறார். வண்டி ஓட்டுகிற பையனையே “சின்னக் கவுன்சிலரு” என்று டீக்கடையில் கூப்பிடக் கேட்டேன். அவனும் திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒரு தனி ஜாதி உண்டு: கவுன்சிலரம்மா வீட்டுக்காரர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் வந்ததும் இந்த ஜாதி பல்கிப் பெருகிவிட்டது. ஓட்டு அம்மணிக்கு, வெள்ளை வேட்டி வீட்டுக்காரருக்கு.

சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமைச் சந்தைக்கு வாருங்கள். தக்காளிக் கூடை பக்கம் நின்று “ஏனுங் கவுன்சிலர்!” என்று ஒரு குரல் கொடுங்கள். நான் கொடுத்துப் பார்த்தேன். நாலு பேர் திரும்பினார்கள். ஐந்தாமவர் திரும்பாமலே, கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “சொல்லுங்” என்றார்.

இதில் பெரிய வேடிக்கை 2018-இல் நடந்தது. எங்கள் நகராட்சி பிறந்தது 1918. வீட்டில் ஒரு பெரியவருக்கு நூறு வயசு ஆனால் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று சுற்றி நிற்பார்கள். எங்கள் நகராட்சிக்கு நூறு ஆனபோது சுற்றி நிற்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அதே மாதம் நடக்க இருந்த தேர்தலைக் கோர்ட் ரத்து செய்தது. அப்புறம் மாநிலம் முழுக்கத் தனி அலுவலர்தான். 2022 பிப்ரவரி 19 அன்றுதான் மறுபடி விரலில் மை வைத்தார்கள்.

அந்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலத்தில் ஒரு பந்தியாவது நேரத்துக்கு ஆரம்பித்ததா? பதவியே இல்லாத அந்த நாளில்தான் ஊரில் கவுன்சிலர்கள் ஏகத்துக்கும் பெருகினார்கள். ‘இந்நாள்’ என்று ஒருவர் இருந்தால்தானே இன்னொருவரை ‘முன்னாள்’ என்று பிரிக்க முடியும்? எல்லாரும் ஒரே ரகம், எல்லாருக்கும் ஒரே நாற்காலி. பூளவாடியில் பிறந்த பாடலாசிரியர் நாராயணகவி, உடுமலை என்ற ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஊரை நாடறியச் செய்தார். நாங்கள் பெயருக்குப் பின்னால் கவுன்சிலர் போட்டு ஊரையே நிரப்பிவிட்டோம்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் ‘முன்னிலை’ என்று இரண்டு கவுன்சிலர்கள் பெயரைப் போட்டேன். யார் பெயர் மேலே என்று சிக்கல் வந்தது. மூளையைக் கசக்கி இரண்டு விதமாக அடித்தேன்: அவருக்குக் கொடுக்க அவர் பெயர் மேலே, இவருக்குக் கொடுக்க இவர் பெயர் மேலே. இருவரும் பத்திரிகையும் கையுமாக மண்டபத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்காருவார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கவுன்சிலர்கள் பாடும் லேசில்லை. 2023-இல் மதிப்பூதியம் அறிவித்தார்கள். நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய். ஆவணி முகூர்த்தத்தில் இரண்டு நாள் மொய்க்கு அது காணாது. சாக்கடைக்காகத் தேர்ந்தெடுத்த ஆளைக் கெட்டிமேளத்துக்கு இழுத்து நிறுத்துவது நாம்தான். வராவிட்டால் “ஜெயிச்சப்புறம் தல கால் புரியல பாருங்க” என்பதும் நாம்தான்.

பந்திக்கு வருகிறேன். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. எழுந்தோம். பங்காளி எட்டிப் பார்த்துவிட்டு, “இவரு பழைய கவுன்சிலருங்க, உக்காருங்க” என்றார். அடுத்த கார். எழுந்தோம். இவர் சீட் கேட்டவர். மூன்றாவது கார், பந்தல்காரருடையது. அதற்கும் எழுந்தோம்.

எதிர் வரிசையில் ஒரு அம்மா, மடியில் குழந்தையோடு, அப்பளத்தை விண்டு அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பசிக்குதுங்களா அம்மிணி? என்ன பண்றது, கவுன்சிலர் வரோணுமாம்” என்றேன்.

“ஆமாங்ண்ணா. அவரு இன்னொரு விசேஷத்துல மாட்டிக்கிட்டாராட்டருக்குது.”

“உங்களுக்குப் பழக்கமுங்களா?”

“எங்க வீட்டுக்காரருங்க.”

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “அப்படின்னா ஓட்டு...?”

“எனக்குத்தானுங் போட்டாங்க” என்று இன்னொரு துண்டு அப்பளம் விண்டார். பதினொரு மணிக்கே வந்துவிட்டாராம்.

இரண்டே முக்காலுக்கு வீட்டுக்காரர் வந்தார். மண்டபமே எழுந்தது. கவுன்சிலரும் எழுந்தார், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. எல்லாம் தெரிந்த பிறகும் நானும் எழுந்தேன். அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை. “சாப்பட நேரமில்லீங்க, இன்னும் மூணு எடம் இருக்குது” என்று கும்பிட்டு, அரை டம்ளர் சோடா குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

“ம், போடுங்கப்பா” என்றார் பங்காளி. குழம்பு ஆறிப்போயிருந்தது.

அந்த மூன்று விதிகளை அடுத்த காதுகுத்துக்கு வைத்துக்கொள்கிறேன். பத்திரிகை நேற்றே வந்துவிட்டது. ‘முன்னிலை’ என்று போட்டு ஏழு பேர்.