துவைதம், அத்வைதம், முட்டைகோஸ்

சிங்கப்பூரில் ஒரு வீட்டு விருந்துக்கு, ஆளுக்கொரு பதார்த்தம் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டால், பிரியாணிக்கு உடனே ஆள் கிடைத்துவிடும். கேசரிக்கு இரண்டு பேர் போட்டி போடுவார்கள். கடைசியில், சமையலில் தன்மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லாத ஒருவர், "நான் சாலட் கொண்டாந்துடுறேன்" என்பார். அப்படி வந்து சேருவது அநேகமாக ஒரே சாலட்தான். மெல்லிசாக நறுக்கிய முட்டைகோஸ், நொறுக்கி வறுத்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், எள், கடலை, வெங்காயத்தாள்; மேலே சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, எண்ணெய் கலந்த ஒரு புளிப்பு இனிப்புச் சாறு. அடுப்பு வேலை பத்து நிமிடம்கூட இல்லை.

இவ்வளவு எளிய பண்டத்தை அறிஞர் உலகம் இதுவரை திரும்பிப் பார்க்காததில் வியப்பில்லை. ஆனால் இதற்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. எப்போது கலப்பது? வீட்டிலேயே கலந்து எடுத்துப்போவதா, போன இடத்தில் கலப்பதா, கலக்காமலே வைத்துவிடுவதா? குடும்பங்கள் இதில் பிளவுபட்டிருக்கின்றன. மாமியார்–மருமகள் மட்டத்தில் விவாதம் தொடர்கிறது.

பிரச்சினையின் வேர் பௌதிகத்தில் இருக்கிறது. முட்டைகோஸில் ஏறக்குறைய 92 சதவீதம் தண்ணீர். அதன் செல்கள் தண்ணீரால் விம்மி நிற்பதால்தான் பல் படும்போது 'நறுக்'கென்று உடைகிறது. தண்ணீர் போனால் கோஸ் துவண்டுவிடும். எண்ணெயில் பொரித்த இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் இதற்கு நேர்மாறு. உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, பொரித்த நூடுல்ஸில் 10 சதவீதத்துக்குமேல் ஈரம் இருக்கலாகாது என்கிறது. பொரியும்போது தண்ணீர் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளின் காய்ந்த சுவர்கள் சடசடவென்று நொறுங்குவதே மொறுமொறுப்பு. ஆக ஒன்று தண்ணீரால் வாழ்கிறது, மற்றொன்று தண்ணீரால் சாகிறது. இருவரையும் ஒரே கிண்ணத்தில் போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த சாற்றையும் ஊற்றுகிறோம். சாறு கோஸிடமிருந்து தண்ணீரை இழுக்கிறது; இழுத்த தண்ணீரை நூடுல்ஸ் குடிக்கிறது. இரண்டு மொறுமொறுப்பும் ஒரே நேரத்தில் காலி.

இந்த நெருக்கடிக்குத் தீர்வு தேடிய சாலட்காரர்களை மூன்று சம்பிரதாயங்களாகப் பிரிக்கலாம். ஆசாரியர்கள் மூவரும் பொறுத்தருள வேண்டும். எல்லாம் ஒன்றே என்று வீட்டிலேயே கலந்து, மூடி போட்டு எடுத்துவருகிறவர்கள் அத்வைதிகள். கோஸ் வேறு, நூடுல்ஸ் வேறு, சாறு வேறு, இவை ஒருபோதும் ஒன்றாகா என்று மூன்று டப்பாவில் கொண்டுவந்து, விருந்தாளியைத் தன் தட்டில் தானே கலந்துகொள்ளச் சொல்பவர்கள் துவைதிகள். கோஸும் சாறும் கலந்தே இருக்கட்டும், நூடுல்ஸ் மட்டும் பரிமாறும் கணத்தில் வந்து சேரட்டும் என்பவர்கள் விசிஷ்டாத்வைதிகள். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலே இருப்பதால் இவர்களுக்கு அந்த வட்டாரத்தில் கொஞ்சம் கூடுதல் செல்வாக்கு என்று நினைக்க இடமுண்டு.

வரலாற்றுக்கு வருவோம். 'ஆசிய சாலட்' என்ற பெயரோடு வலம்வரும் இதை எந்த ஆசியப் பாட்டியும் செய்ததாகத் தெரியவில்லை. தைவானில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த மோமோஃபுக்கு ஆண்டோ, 1958 ஆகஸ்டில் முதல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வெந்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்துக் காயவைத்தால் கெடாமலும் இருக்கும், வெந்நீர் பட்டதும் இளகியும் விடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதை வெந்நீரே காட்டாமல் கோஸோடு சேர்த்துக் கடிப்பது என்ற யோசனை அமெரிக்க வீட்டு விருந்துகளில் வேரூன்றி, ஆசிய முத்திரை குத்தப்பட்டு, ஆசியாவுக்கே திரும்பி வந்தது.

ஆனால் பச்சை நூடுல்ஸைக் கடிக்கச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மலாக்காவிலிருந்து வரும் மாமி மான்ஸ்டர் பாக்கெட்டைப் பள்ளிக்கூட வாசலில் வாங்கி, பிரிக்காமலே உள்ளங்கையால் நொறுக்கி, மசாலாவைத் தூவி, வாயை மடித்துப் பிடித்துக் குலுக்கி, அண்ணாந்து வாயில் கொட்டிக்கொள்கிற கலை இங்கே தலைமுறைச் சொத்து. இன்று நாற்பது ஐம்பது வயதில் சாலட் பொறுப்பை ஏற்கும் பலர் உண்மையில் அந்தப் பழக்கத்துக்குக் கோஸ் சேர்த்துக் கௌரவம் தேடுகிறவர்களே.

கலக்கும் நேரம் பற்றிய கேள்விக்கு இவ்வூர் கண்ட மிகச் சிறந்த விடை வேறொரு சாலட்டில் இருக்கிறது. சீனப் புத்தாண்டின்போது அலுவலகம், சமூக மன்றம், தொகுதி விருந்து என்று எங்கும் தூக்கிக் கலக்கப்படும் யூஷெங்தான் அது. பச்சை மீன் உண்ணும் வழக்கம் சீனர்களிடம் பழையது. ஆனால் பல வண்ணக் காய்த்துருவலோடு இன்று மேசைக்கு வரும் வடிவத்தைச் சிங்கப்பூரில் 1964இல் தந்தவர்கள் நான்கு சமையல்காரர்கள் என்பது இங்கே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. தாம் யூய் காய், லாவ் யோக் புய், சின் லியோங், ஹூய் கோக் வாய் ஆகிய நால்வரும் கேத்தே உணவகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர்களோடு தொடர்புடைய லாய் வா உணவகம் சிராங்கூன் சாலையிலிருந்து கிளை பிரியும் பெண்டமீர் சாலையில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். மலேசியர்கள் சிரம்பானை முன்னிறுத்தி உரிமை கொண்டாடுவதுண்டு. அந்த வழக்கில் இவ்வாய்வு வாய் திறக்காது.

நால்வர் செய்த சீர்திருத்தங்களில் ஒன்றை இங்கே உற்றுப்பார்க்க வேண்டும். அதற்குமுன் வினிகர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சாப்பிடுகிறவர் பாடு. இவர்கள் சாற்றை முன்கூட்டியே அளவாகக் கலந்து வைத்தார்கள். அதே சமயம் சாற்றைக் காயோடு சேர்க்கவில்லை. கேரட், முள்ளங்கி, பொமெலோ எல்லாம் தட்டில் தனித்தனிக் குவியலாக வந்து அமர்கின்றன. எல்லோரும் எழுந்து நின்று சாப்ஸ்டிக்கைப் பிடித்தபின் மீன், எலுமிச்சை, மிளகுத்தூள், எண்ணெய், கடலை, எள் என்று ஒவ்வொன்றும் ஒரு மங்கல வாசகத்தோடு விழுகிறது. பொரித்த பொன்னிறத் துண்டுகள் வருவது கடைசியில்தான். தரையெல்லாம் தங்கம் பரவட்டும் என்ற வாழ்த்தோடு. பிறகு "லோ ஹே" என்ற கூச்சல், உயரத் தூக்கிப் போடுதல், மேசைவிரிப்பு நாசம். கலந்த மறு நிமிடம் தட்டில். சடங்கு என்று தோன்றுவது, ஈரத்தையும் காய்ந்ததையும் கடைசி நொடிவரை பிரித்துவைக்கும் சமையலறைத் தந்திரம். கட்டைவிரலால் வாட்ஸ்அப்பில் "கிளம்பிட்டோம்" என்று தட்டுகிற விருந்தாளிக்குக் காத்திருக்கவும் இதில் வழியுண்டு.

2021 சீனப் புத்தாண்டையொட்டி, கொரோனா கட்டுப்பாடுகளின்போது, முகக்கவசம் அணிந்தபடி வாழ்த்து வாசகம் எதுவும் உச்சரிக்காமல்தான் யூஷெங் கலக்கவேண்டும் என்று உணவகங்களுக்கு விதி வந்தது. ஊரே மௌனமாக முள்ளங்கியைத் தூக்கிப் போட்டது. பொன்னிறத் துண்டுகள் அந்த ஆண்டும் மொறுமொறுவென்றுதான் இருந்தன. ஆகவே மொறுமொறுப்புக்குக் காரணம் நேரமே, மந்திரம் அல்ல என்று நிறுவப்படுகிறது.

பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்கா சந்தையில் சீனாவிலிருந்து வரும் தட்டையான பெரிய கோஸும் கிடைக்கும், கேமரன் மலையிலிருந்து வருவதும் கிடைக்கும். எதுவானாலும் கையில் எடுத்தால் கனக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. பொரியலுக்கு நறுக்குவதைவிட மெல்லிசாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாக வடித்து, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த ஒற்றல்தான் உயிர்நாடி. இதைத் தவிர்ப்பவர்களே பின்னால் நூடுல்ஸைக் குறை சொல்கிறார்கள்.

எண்ணெயில் எச்சரிக்கை தேவை. நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளை ஆட்டி எடுப்பது. சீன எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து வருவது, கரும்பழுப்பு நிறம், ஒரு தேக்கரண்டியே கூடம் முழுக்க மணக்கும். சீன எண்ணெய்க்குச் சொன்ன அளவில் நல்லெண்ணெயை ஊற்றினால் சாலட்டில் மணமே இராது. நல்லெண்ணெய் என்று நினைத்துக்கொண்டு சீன எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றினால் அன்றைய விருந்தில் வேறெதுவும் மணக்காது.

அமெரிக்கச் செய்முறை பாதாம் கேட்கும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு பாதாமைத் தேடுவது நன்றிகெட்ட செயல். ஒருகாலத்தில் திரையரங்கு வாசல்களில் தலைமேல் தட்டைச் சுமந்துவந்து, காகிதக் கூம்பில் கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் அளந்துகொடுத்த கச்சாங் பூத்தே வியாபாரிகள் பெரும்பாலும் தமிழர்கள். இத்தீவின் பல இனத்தாருக்கும் மொறுமொறுப்பு இன்னதென்று அறிமுகம் செய்துவைத்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. வறுத்த வேர்க்கடலையே போதும்.

நூடுல்ஸைப் பாக்கெட்டோடு நொறுக்குவதற்குமுன் ஒரு மூலையைச் சற்றே கிழித்துக் காற்றை விட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாக்கெட் வெடித்து ஆராய்ச்சி தரையில் தொடரும். சிறு தீயில், பாயசத்துக்குச் சேமியா வறுக்கிற பக்குவம் வரைக்கும் வறுத்து, முற்றிலும் ஆறியபின்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, விருந்துக்குப் போகுமுன்பே கதை முடியும். உள்ளிருக்கும் மசாலாப் பொட்டலத்தைச் சாற்றில் கொட்டச் சொல்லும் செய்முறைகள் உண்டு. இங்கே அது ஆபத்து. அதில் கோழிச்சாறு இருக்கலாம்; மேசையில் சைவரும் இருப்பார், ஹலால் முத்திரை பார்ப்பவரும் இருப்பார், மாட்டிறைச்சி தொடாதவரும் இருப்பார். பொட்டலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, நூடுல்ஸ் பாக்கெட்டிலும் சாஸ் பாட்டிலிலும் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டால், அந்த மேசையில் எல்லோரும் தொடக்கூடிய வெகுசில பண்டங்களில் இந்தச் சாலட்டும் ஒன்றாகிவிடும். பிரியாணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி, இந்த ஆய்வில் கணக்குக்குள் அடங்க மறுக்கும் காரணி: தாமதம். அழைப்பில் ஏழு மணி என்றிருந்தால் ஏழு மணிக்கு வருகிறவர் அழைத்தவருக்குச் சங்கடம் தருகிறார். கேக் வெட்ட எட்டு, பாட்டு, போட்டோ, பெரியவர்கள் முதலில் என்று தட்டைத் தொட எட்டரை ஆகிவிடும். அத்வைதியின் கிண்ணத்தில் அதற்குள் பிரளயம் முடிந்திருக்கும். துவைதியும் தப்பவில்லை. சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். சிப்ஸ், பாப்கார்ன் போன்றவற்றை 1981இல் சோதித்த காட்ஸ், லபூசா என்ற ஆய்வாளர்கள், அவற்றுக்குள் ஈரம் சுமார் 35 முதல் 50 சதவீத ஈரப்பதக் காற்றோடு சமநிலை அடையும் அளவுக்கு ஏறினாலே மொறுமொறுப்பு போய்விடுகிறது என்று கண்டார்கள். அந்தக் கணக்கில் இந்த ஊர்க் காற்றே ஒரு மெல்லிய சாறு. குளிர்சாதன அறையில் கொஞ்சம் தாங்கும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் விருந்தில், திறந்து வைத்த நூடுல்ஸுக்குச் சாறே தேவையில்லை, சும்மா இருந்தே நமுத்துவிடும். காற்றுப்புகாத டப்பாவும், அதன் மூடியைக் குழந்தைகளிடமிருந்து காக்கும் ஒரு சித்தியும் அவசியம்.

மொறுமொறுப்பைப் பாதி காதுதான் சாப்பிடுகிறது என்பதும் மெய்ப்பிக்கப்பட்ட விஷயம். ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிப்ஸ் கடிக்கிறவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஓசையையே ஹெட்போனில் கூட்டிக் கேட்கவைத்தார்கள். அதே சிப்ஸ் புதுசாகவும் மொறுமொறுப்பாகவும் தோன்றியது. இதற்காக 2008இல் அவர்களுக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது. கேலிப் பரிசு என்றாலும் கண்டுபிடிப்பு கேலியல்ல. அப்படியானால் கரவோக்கி அலறும் கூடத்தில் நமுத்த நூடுல்ஸைக் கண்டுபிடிக்க முடியாதே என்று அத்வைதிகள் வாதிடக்கூடும். நாக்கு அவ்வளவு இளிச்சவாய் அல்ல.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்கலாகாது. ஊறியதே ருசி என்பது தமிழ் நாக்கின் பழைய நிலைப்பாடு. மொறுமொறு மெதுவடையை ஒரு சமூகமே சாம்பாரிலும் ரசத்திலும் தயிரிலும் போட்டு முக்குகிறது. அதற்குத் தனிப் பெயர், தனி விலை. அந்த மரபில் வந்த மாமிகள் சிலர், சாலட்டை முதல் நாள் இரவே கலந்து குளிர்பெட்டியில் வைத்து, "சாறு நல்லா இறங்கியிருக்கு" என்று பெருமையோடு திறக்கிறார்கள். அமெரிக்கச் செய்முறைகளிலும் இந்த ஊறல்வாதத்துக்கு ஆதரவாளர்கள் உண்டு. கோஸைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அரைமணி நேரம் சாற்றில் இருந்தால் பச்சை வாடை போய், கடியும் மிஞ்சும். நூடுல்ஸைப் பொறுத்தவரை அது மொறுமொறுப்பைக் கைவிட்டு வேறொரு பண்டம் செய்வது. செய்யலாம், ஆனால் விருந்து அழைப்பில் அதை மொறுமொறு சாலட் என்று போடக் கூடாது.

ஆகவே விசிஷ்டாத்வைதமே இவ்வூர்த் தட்பவெப்பத்துக்கும் இவ்வூர் நேரந்தவறாமைக்கும் ஏற்றது. கோஸும் சாறும் அரைமணி முன்னால், நூடுல்ஸும் கடலையும் எள்ளும் தட்டெடுக்கிற நேரத்தில். எம்ஆர்டியில் எடுத்துப்போகத் தடையில்லை. உள்ளே உட்கார்ந்து ருசிபார்த்தால் 500 வெள்ளிவரை அபராதம் உண்டு என்பதால், உப்பு சரிபார்க்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நலம். சாற்றுப் பாட்டிலை நிமிர்த்திப் பிடிக்கவும்.

மிஞ்சியதைக் கடைசியில் யாராவது டப்பாவில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் திறந்தால், எந்தச் சம்பிரதாயத்தில் பிறந்ததானாலும் கோஸும் நூடுல்ஸும் சாறும் பிரிக்கமுடியாமல் ஒன்றாகிக் கிடக்கும். சட்டியைச் சுடவைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகாய் சாஸும் தக்காளி சாஸும் இரண்டு கரண்டி விட்டுக் கிளறினால், தேக்காவின் செக்கச்சிவந்த மீ கோரெங்குக்குத் தூரத்து உறவாக ஒன்று கிடைக்கும். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும்.