பூநாரையும் புளியோதரையும்

சைபீரியாவிலிருந்து கோடியக்கரைக்கு வரும் கொசு உள்ளானுக்குச் சிறகு மட்டும் போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து அதைப் பார்க்கப் போகும் கோஷ்டிக்கோ வேன், பைனாகுலர், ட்ரைபாட், தலைவலித் தைலம், இரண்டு தூக்கு புளியோதரை.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் ஈரநிலத் தலம். உப்பங்கழியில் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரைச் சலித்துச் சாப்பிடுகிறது. கரையில் கோஷ்டியும் தலை நிமிராமல் அதே காரியத்தில்தான் இருக்கிறது.

“ஓய், அது கொசு உள்ளான்!”

“இல்லங்காணும், மூக்கைப் பாரும்!”

வழக்கு முற்றுவதற்குள் உள்ளான் பறந்துவிட்டது.

தங்கள் ஊர்க் கொள்ளிடத்து மணல்திட்டில் தினமும் நிற்கும் கொக்கை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. டீசல் செலவில்லாமல் தெரிவதெல்லாம் ஒரு பறவையா?