அடுக்களைப் புகையின் குடிபெயர்வு: ஒரு தொடக்கநிலை ஆய்வு

காய்ந்த மிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டதும் எழும் நெடி கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? சங்க இலக்கியப் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்த தமிழாய்வுலகம் இந்தக் கேள்வியை இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இதுதான்: வீட்டுப் புகை அழிவதில்லை, ஒரு மூக்கிலிருந்து இன்னொரு மூக்குக்குக் கைமாறுகிறது. புகைபோக்கி என்பது அந்தக் கைமாற்றத்தை முடித்து வைக்கும் தரகர். ஆய்வுக்கருவிகளாகத் தும்மலும் கமறலும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரிடமிருந்தும் அளவீடு உடனே வந்துவிடும்.

முதலில் விறகடுப்புக் காலம். ஓட்டு வீட்டு அடுக்களைகளில் அடுப்புக்கு நேர் மேலே கூரையைக் கொஞ்சம் உயர்த்தி இடைவெளி விட்ட புகைக்கூண்டு இருக்கும். சூடான காற்று எடை குறைந்தது, மேலே ஏறும். ஏறும் வழி உயரமாக இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். கொத்தனார் இந்த விதியைப் படித்தவரல்லர், ஆனால் கட்டியது சரியாகத்தான் இருந்தது. கூண்டு இல்லாத வீடுகளில் புகை ஓட்டிடுக்கெல்லாம் புகுந்து தானே வழி தேடிக்கொண்டது. போகிற போக்கில் உத்திரத்தைக் கறுப்பாக்கிப் பூச்சி அரிக்காமல் காத்தது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைச் சோளத்துக்கும் காவல் இருந்தது. அடுக்களையில் புகையால் நன்மையடைந்தவை இவை இரண்டுதான்: மரமும் சோளமும்.

மூன்றாவதாக ஓர் உயிர் அங்கே உட்கார்ந்திருந்தது. மழைக்காலத்து ஈர விறகு, கையில் ஊதாங்குழல். காற்றோட்டப் பொறியியலில் ஊதாங்குழலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. காற்றை உள்ளே தள்ளும் விசிறி, வெளிவரும் புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஆகிய இரண்டு பொறுப்புகளையும் ஒரே ஆளின் நுரையீரலிடம் ஒப்படைத்த அமைப்பு அது. இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பு உலகில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இனி முன்னோர் ஆய்வு. 1785 ஆகஸ்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பிரான்சில் தூதர் பணியை முடித்துக்கொண்டு அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்தார். நடுக்கடலில், எந்த வீட்டு அடுப்பும் எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, புகைபோக்கிகள் ஏன் புகையை வீட்டுக்குள்ளேயே கக்குகின்றன என்று இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவ நண்பருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒன்பது காரணங்கள். முதல் காரணம், வீட்டை இறுக்கமாகக் கட்டியிருப்பது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். வரவில்லையென்றால் புகை நகராது. கதவைச் சிறிது சிறிதாகத் திறந்து பாருங்கள், எந்த அளவில் புகை நிற்கிறதோ அவ்வளவு இடைவெளி அந்த அறைக்குத் தேவை என்று சோதனை முறையையும் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு காரணம் இரண்டு புகைபோக்கிகள் ஒன்றையொன்று வெல்லப் பார்ப்பது: வலுவானது இழுக்க, வலுவில்லாததன் வழியே காற்றும் புகையும் தலைகீழாக இறங்கும். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்க.

அடுத்து ரம்ஃபோர்டு. அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பிரபுப் பட்டம் வாங்கிய இவர், லண்டன் வீடுகளின் கணப்படுப்புகளைத் திருத்தப் புறப்பட்டார். புகைபோக்கியின் தொண்டை அகலமாக இருந்தால் புகை நன்றாகப் போகும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இல்லை, தொண்டை நான்கு அங்குலம் இருந்தால் போதும், அகலமான தொண்டை அறையின் வெப்பத்தைத்தான் திருடுகிறது என்று 1796இல் எழுதினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, வெப்பத்தை அறைப் பக்கம் திருப்பிவிட்டார்.

இருவரும் மேதைகள், மறுப்பில்லை. ஆனால் இந்த ஆய்வுகளுக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டில் நெருப்பு வரவேற்பறையில் எரிந்தது. கனவான்களின் கண்ணே எரிந்தது. ஆகவே அறிவியல் வளர்ந்தது. ரம்ஃபோர்டு சமையலறை அடுப்பையும் சீர்திருத்தினார் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். நம் ஊரில் ஆண்கள் அமர்ந்த திண்ணைக்குப் புகை எட்டவில்லை.

புகை எட்டியவர்கள் சிலரும் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய கிராமத் தொழில் இயக்கம், வார்தாவின் மகன்வாடியிலிருந்து ‘மகன் சூலா’ என்ற குழாய் வைத்த அடுப்பைக் கொடுத்தது. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ். பி. ராஜு புகையில்லாச் சமையலறைகளைப் பற்றி 1953இல் ஒரு புத்தகமே எழுதினார். 1983இல் மைய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. குழாய் வந்தது, புகையும் போயிற்று. குழாய்க்குள் படிந்த கரியை யார் தட்டுவது என்பதுதான் திட்டத்தில் விடுபட்டுப் போன கேள்வி. அடைத்துக்கொண்ட குழாயோடு சமைப்பதைவிடக் குழாயில்லாமல் சமைப்பது மேல் என்று கண்ட வீடுகள் பல.

ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் அசல் கணப்புகள் இன்றும் உண்டு. ஆண்டுக்கொரு முறை பற்றவைத்தால் அறை முழுக்கப் புகை. மேலே ஏதாவது பறவை குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது வேறு விஷயம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ நெடியோ கிடையாது. தும்மல் என்ற கருவி அங்கே வேலை செய்யாது. அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். இந்த ஒரு பத்தியில் கேலி இல்லை.

இப்போது அடுக்குமாடிக் காலம். சமையலறைச் சுவரில் கறுப்புக் கண்ணாடி போட்ட மின்சாரச் சிம்னி. பெட்டியில் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயரச் சமையலறையில் இருப்பதே சுமார் 23 கன மீட்டர் காற்றுதான். கணக்குப்படி அறையின் மொத்தக் காற்றையும் மணிக்கு ஐம்பது தடவைக்கு மேல் உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். அத்தனைக்கும் ஈடான காற்று எங்கிருந்து வரும்? ஏசி போட்டிருக்கிறது, சன்னல்கள் சாத்தியிருக்கின்றன, பால்கனிக் கதவு கொசுவுக்காக அடைப்பு. ஃபிராங்க்ளினின் முதல் காரணம் அப்படியே வந்து நிற்கிறது. திறந்திருக்கும் ஒரே வழி குளியலறை எக்ஸாஸ்ட் ஓட்டை. அதன் வழியாக ரசம் கொதிக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குள் வரும் காற்றின் மணம் பற்றி விரிவாக எழுத இதழின் தரம் இடம் தராது.

வெளிக்குழாயே இல்லாத ரகமும் உண்டு. புகையைக் கரி வடிகட்டி வரை சுற்றுலா அழைத்துப் போய், பத்திரமாக அதே அடுக்களையில் கொண்டுவந்து இறக்கிவிடும். தாளிக்கிற நேரத்தில் “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் அமத்தேன், நியூஸ் ஓடுது” என்று கூடத்திலிருந்து குரல் வந்ததும் நிறுத்தப்படும் ரகமும் உண்டு. விலை வேறுபாடின்றி எல்லாச் சிம்னிகளும் இதில் அடங்கும்.

குழாய் உள்ளவற்றின் நிலை என்ன? கள ஆய்வு நடந்த குடியிருப்பில் எல்லாக் குழாய்களும் நடுவிலுள்ள காற்றுச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னொருவர் சமையலறைச் சன்னல். இதனால் புரட்டாசிச் சனிக்கிழமை எந்த வீட்டில் வஞ்சிரம் பொரிகிறது என்பது வாட்ஸ்அப் குழுவுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட எதிர்வீட்டு மாமி தன் சன்னலில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, காற்றைச் சந்துப் பக்கம் தள்ளினார். பலமானது வெல்லும் என்ற ஃபிராங்க்ளின் விதிப்படி, மீன் மணம் வந்த குழாய் வழியே திரும்பிப் பொரித்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் விவகாரம் எழுந்தது. குழாய்களையெல்லாம் மொட்டைமாடி வரை உயர்த்திவிட்டால் போதும், உயரம் கூடினால் இழுப்பும் கூடும் என்று மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் வரைபடத்தோடு விளக்கினார். அறிவியல்படி அது முழுக்கச் சரி. மாடியில் வடகம் பிழிந்து காயவைப்பவர்கள் எழுந்து ஆட்சேபித்தார்கள். வாதங்கள் நீண்டன. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தைப் புரட்டாசி முடிந்தபின் வைத்துக்கொள்வதென்று ஒருமனதாக முடிவாயிற்று.