லண்டன் கலை

காஞ்சிபுரத்திலே எதை ஓதுவது, யார் முன்னே ஓதுவது என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படிகளைத் தேய்த்து வந்த வரலாறு நாடறிந்தது. ஆனால், அவ்விரு கலைகளிலும் சேராமல், லண்டன் கலை என்று மூன்றாவது ஒன்றை ஸ்தாபித்துக்கொண்டு, அதற்குத் தாமே ஆசாரியராகவும் தாமே ஏக சிஷ்யராகவும் விளங்கிவரும் பெரியவரை வெளியூரார் அவ்வளவாக அறியமாட்டார்கள். அவரைத் தனி ஒரு மனிதர் என்று எண்ணிவிட வேண்டாம். கும்பகோணத்திலும் உண்டு, பாளையங்கோட்டையிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. காஞ்சி ரகம் சற்று உசத்தி, அவ்வளவே.

பிள்ளையார்பாளையத்தில், உள்ளே தறி ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, வெளியே திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். ஆங்கில ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மடியில், அட்டை கழன்ற ஓர் அகராதி. டேனியல் ஜோன்ஸ் என்ற லண்டன் பேராசிரியர் 1917இல் முதன்முதல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் பிற்காலப் பதிப்பு அது. பிறர் விடியற்காலையில் சந்தியாவந்தனமோ தேவாரமோ சொல்லும் வேளையில், இவர் கண்ணாடியின் முன் நின்று, நாக்கின் நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை மட்டும் வெளியே விடுவார்; பிறகு உதடுகளைக் குவித்து 'வ்வா, வ்வா' என்பார். மணமாகி வந்த புதிதில் அவருடைய மனைவி பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்ததாகக் கேள்வி.

தெருவிலே எவனாவது 'இஸ்கூல்' என்றுவிட்டால் போதும், அவர் முகம் சிவந்துவிடும். சொல்லின் முதலில் தனிமெய் வராது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். அந்தச் சட்டத்தை, அது சட்டமென்று தெரியாமலே, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் சிரமேற்கொண்டு நடக்கும் பையனைப் பாராட்டாமல் கோபிப்பது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை. காப்பிக் கடைக்குப் போனாலும் அவருக்கு நிம்மதியில்லை. 'ஹோட்டல்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழவேண்டும் என்று சர்வரிடம் விளக்கி முடிப்பதற்குள் காப்பியில் ஆடை படிந்துவிடும். "ஆறிப்போச்சு சார், வேற கொண்டாறட்டா?" என்று அவன் கேட்டால், அந்த 'சாரி'லும் ஒரு ரகரம் அநாவசியம் என்பார்.

அழுத்தத்தின் மகிமைக்கு அவர் காட்டும் பிரமாணம் வேதத்திலிருந்தே வரும். இந்திரனைக் கொல்லப் பிள்ளை வேண்டி துவஷ்டா வேள்வி செய்கையில், 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் ஸ்வரம் இடம் மாறிவிட, இந்திரனைக் கொல்பவன் என்னும் பொருள் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று புரண்டு, விருத்திரன் மாண்டுபோனான் அல்லவா? ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட நெசவாளர் வீட்டுப் பையனை மடக்கி, 'டெவலப்' என்ற சொல்லை முன்வைத்து, இந்தக் கதையை அவர் முழுவதும் சொல்லி முடித்தார். பையன் மிரண்டுபோய், "அப்படின்னா, ஒரு எழுத்த மாத்தி அழுத்தினா அங்க என்னைக் கொன்னுடுவாங்களா சார்?" என்று கேட்டான். தேர்வாளர் மதுரைப் பக்கத்துக்காரராம்; எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டு வேலையும் கொடுத்துவிட்டாராம். பெரியவர் இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

இதைவிடப் பெரிய சோதனை காந்தி ரோட்டுப் பட்டுக் கடை ஒன்றில் நேர்ந்தது. இத்தாலி தேசத்து அம்மையார் ஒருவருக்கு விற்பனைப் பையன் சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தி, கருகியதை விரலால் நசுக்கிப் பொடியாக்கி, "மேடம், பர்ன்! ஸ்மெல்! ஹேர்! பியூர் சில்க்கு!" என்று தன் முடியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நம்மவருக்குப் பொறுக்குமா? குறுக்கிட்டு, லண்டன் வழக்கப்படி ரகரங்களையெல்லாம் விழுங்கி, பட்டின் குணாதிசயங்களை ஒரே மூச்சில் விவரித்தார். அம்மையாரோ கைகூப்பி, மெதுவாகப் பேசும்படி வேண்டிக்கொண்டார். இத்தாலியர் ரகரத்தை உருட்டிப் பேசிப் பழகியவர்கள். அவர்கள் செவிக்குப் பையனின் 'பர்ன்' கணீரென்று விழுந்தது, பெரியவரின் 'பஅன்' எங்கேயும் விழவில்லை. பையன் இரண்டு சேலை விற்றுவிட்டான்.

அவர் பக்கம் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்த பன்சால் என்பவரின் நூல் 1969இல் ஹைதராபாத்தில் வெளியாயிற்று. விளங்காமற்போவதற்கு முக்கியமான காரணங்களுள் அழுத்தம் இடம் பிசகுவதும் ஒன்று என்று அதிலே காண்கிறோம். ஆக, 'ஹோட்டல்' விஷயத்தில் பெரியவர் சொல்வது சரி. பல்லிடுக்கில் நாக்கை வைத்து அவர் கழித்த வருஷங்களுக்குத்தான் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. அத்தனை தவத்துக்குப் பிறகும் அவர் வாயில் சொல் ஒவ்வொன்றும் லண்டன், வாக்கியத்தின் இராகமோ அசல் பிள்ளையார்பாளையம்; உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, சேலை கிழிந்தாலும் கரை பிரியாதபடி இணைக்கும் கோர்வை நெசவுக்குப் பேர்போன ஊரில் பிறந்தும், அவருடைய ஆங்கிலத்தில் மட்டும் அந்தக் கோர்வை விழவில்லை.

வலங்கைமானில் பிறந்து, பள்ளி ஆசிரியராயிருந்து, வெள்ளி நாக்குப் படைத்தவர் என்று ஆங்கிலேயரே கொண்டாடிய சீனிவாச சாஸ்திரியார் அவருக்கு வழிபடு தெய்வம். அதே காஞ்சியில் 1909இல் பிறந்த அண்ணாதுரை, 1962இல் மாநிலங்களவையில் ஆங்கிலத்தில் பேசியபோது நாடே திரும்பிப் பார்த்ததே என்று யாராவது நினைவூட்டினால், "கருத்து பிரமாதம்தான்" என்பார். அதற்கு மேல் கேட்டால் அகராதியைத் திறந்துவிடுவார்.

காஞ்சிக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வூருக்கு ரயில்கள் குறைவு. பிள்ளையார்பாளையத்தில் யாரேனும் உங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, சௌகரியமாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தால், தலையை மட்டும் ஆட்டுங்கள். 'கம்ஃபர்ட்டேபிள்' என்று பதில் சொல்லிவிட்டால் அன்றைய ரயில் உங்களுக்கு இல்லை.